தூங்க வைத்த காய்ச்சல்

"நெத்தியைக் காட்டு."

"காட்டினா என்ன தருவீங்க, துப்பாக்கி அக்கா?"

"சுட்டுத் தள்ளிடுவேன். வரிசையை நிறுத்தாதே சிட்டு, காட்டு."

சிட்டு சிரித்துக்கொண்டே குல்லாயைப் பின்னுக்குத் தள்ளினாள். அக்கா கையிலிருந்த, துப்பாக்கி மாதிரியான வெள்ளைக் கருவியை அவள் நெற்றிக்கு நேரே நீட்டி அழுத்தினாள். 'பீப்' என்றது. பச்சை.

"போ. அடுத்த ஆள்."

ஐஸ்கிரீம் தொழிற்சாலை வாசலில் தினமும் காலையில் நடக்கிற பேச்சுதான் இது. வாயில் போடுகிற பண்டம் செய்கிற இடத்துக்குள் காய்ச்சல்காரர் கால் வைக்கக் கூடாது. அதற்காக வாசலில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, சூடு பார்க்கிற அந்தக் கருவி, அதைப் பிடிக்க அக்கா. பச்சை எரிந்தால் உள்ளே. சிவப்பு எரிந்தால் வந்த வழியே வீட்டுக்கு. அன்றைய கூலி கிடையாது என்பது ஒரு பக்கம்; வேலை இன்னும் நிரந்தரம் ஆகாதவர்களுக்கு அது ஒரு கரும்புள்ளி. நிரந்தரம் ஆகாதவர்கள்தான் அந்த வரிசையில் பாதிப் பேர்.

அப்படிப்பட்ட வாசலில் வருஷக்கணக்கில் சிவப்பு எரிந்ததே இல்லை என்றால் யாரும் யோசிக்க வேண்டாமா? மேலாளர் யோசிக்கவில்லை. "நம்ம ஆளுங்க ஆரோக்கியமானவங்க" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமை பேசினார். வரிசையில் நின்றவர்களுக்கு விஷயம் தெரியும். உடம்பு கொதித்தால் பேருந்திலிருந்து இறங்குமுன்பே ஒரு வலி மாத்திரையை விழுங்கிவிடுவார்கள். வாசலுக்கு வந்து சேர்வதற்குள் நெற்றி குளிர்ந்துவிடும். "என்ன, தூங்க வெச்சிட்டியா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். காய்ச்சலைத் தூங்க வைத்துவிட்டாயா என்று அர்த்தம். "இப்பதான் கண் அசந்துது, சத்தம் போடாதே" என்று பதில் வரும். அதற்கு ஒரு சிரிப்பு.

அக்காவுக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டும். அது அவளுக்கு இருந்தது. கருவி சொல்வதைச் சொல்வதுதான் தன் வேலை என்று வைத்துக்கொண்டாள். அதோடு விட்டாளா என்றால், இல்லை. கருவியை வைக்கிற துணிப்பையின் உள்மடிப்பில் ஒரு மாத்திரை அட்டை எப்போதும் இருக்கும். மறந்து வந்த ஏழைபாழைக்கு ஆகட்டுமே என்றுதான் ஆரம்பித்தாள்.

அன்று காலை வரிசையின் கடைசியில் தம்பி வந்தான். அக்காவின் உடன்பிறந்த தம்பி, குளிர் அறையில் சுமை தூக்குகிறவன். நிறைந்த ஐஸ்கிரீம் வாளிகளை மற்றவர்கள் இரண்டு கையாலும் ஒன்று தூக்கினால், அவன் கைக்கு ஒன்றாகத் தூக்கி, பாட்டுப் பாடிக்கொண்டே போவான். மல்லன் என்று பேர் வைத்தது சிட்டுதான். அந்தப் பேரே நிலைத்துவிட்டது. வீட்டில் அக்காள் புருஷன்கூட மல்லன் என்றுதான் கூப்பிட்டார்.

"என்னடா, இவ்வளவு நேரம்?"

"மூச்சு வாங்குதுக்கா. மேடு ஏறி வந்தேன்ல."

"இந்த மேட்டுக்கா? நெத்தியைக் காட்டு."

அக்கா அழுத்தினாள். பீப் சத்தம் வேறு மாதிரி வந்தது. சிவப்பு. இத்தனை வருஷத்தில் அந்த நிறத்தை அவள் பார்த்ததே இல்லை என்பதால் ஒரு கணம் கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். பிறகு கட்டைவிரலால் விளக்கை மறைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"தூங்க வைக்கலையா?"

"வெச்சேன்க்கா. எழுந்தவுடனே போட்டேன். முழிச்சுக்கிச்சு போல."

"இன்னும் அந்தச் சொத்தைப் பல்லுதானா? கழட்டி எறின்னு எத்தனை தடவை சொல்றது?"

"பல்லு பழகிடுச்சு. இப்ப வலதுபக்க விலாவுல என்னவோ பிடிச்சிருக்கு. வாளி தூக்கினதுல சுளுக்கியிருக்கும். மூச்சை இழுத்தா ஊசி குத்துற மாதிரி இருக்கு."

"அப்போ திரும்பிப் போ."

"திரும்பிப் போயி? இந்த மாசம் முடிஞ்சா நிரந்தரம்க்கா. இத்தனை நாள் ஒரு நாள் தவறாம வந்துட்டு, கடைசியில வாசல்ல வெச்சுக் கவுத்துடாதே. மாத்திரையைக் கொடு."

அக்கா பையின் உள்மடிப்பில் விரலை விட்டாள். மல்லன் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினான். வண்டி நிறுத்துகிற கொட்டகை ஓரமாகப் போய் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து வந்து நெற்றியைக் காட்டினான். பச்சை.

"பார்த்தியா? நம்ம காய்ச்சல் சொன்ன பேச்சு கேட்கும்" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. விலாவைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனான். அவன் பின்னால் குளிர் அறையின் கனத்த கதவு மூடிக்கொண்ட சத்தம் வாசல் வரை கேட்டது.

அப்படியே ஒரு வாரத்துக்கு மேல் ஓடியது. ஒரு நாள் மதியம் அந்தக் கதவுக்குப் பின்னால், அடுக்கி வைத்த வாளிகளுக்கு நடுவில், மல்லன் முட்டி போட்டு உட்கார்ந்திருந்ததைச் சிட்டுதான் பார்த்தாள். விளையாடுகிறான் என்று நினைத்து முதுகில் ஒரு தட்டுத் தட்டினாளாம். உதடு நீலம் பாரித்திருந்தது.

வாடகைக் கார் ஓட்டுகிற அக்காள் புருஷன்தான் வந்து தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். முன்னிருக்கையில் தொழிற்சாலையின் நலன் அதிகாரி ஏறிக்கொண்டார். தொழிலாளிக்கு உடம்புக்கு வந்தால் கூடவே போய் நிற்க வேண்டியது அவர் வேலை. நல்ல மனிதர்தான். ஆனால் அவர் காதில் விழுந்தது எல்லாம் மேலாளர் மேசைக்குப் போய்விடும்.

அவசரப் பிரிவில் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். வலது நுரையீரலின் அடிப்பாகம் பனி மூடின மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"நிமோனியா. எத்தனை நாளா காய்ச்சல்?"

மல்லன் அக்காவைப் பார்த்தான். அக்கா நலன் அதிகாரியைப் பார்த்தாள். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"காய்ச்சலே இல்லீங்க" என்றாள் அக்கா. "தினமும் நான்தானே பார்க்கறேன். இன்னிக்குத்தான் திடீர்னு."

"சிகரெட்?"

"எப்பவாவது" என்றான் மல்லன்.

"குடி?"

"அதுவும் எப்பவாவது."

"ரெண்டு எப்பவாவதும் ஒண்ணா வருமா, தனித்தனியா வருமா?" என்று டாக்டரம்மா சிரிக்காமல் கேட்டாள். "பல்லு எப்படி?"

"கல்லைக் கடிப்பேன் டாக்டர்." இடது கன்னத்தை மட்டும் காட்டிச் சொன்னான்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா? வலிக்கு, சளிக்கு, எதுக்காவது?"

மல்லன் மறுபடியும் அக்காவைப் பார்த்தான். நலன் அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். வாசலில் நிற்கிறவளே சொந்தத் தம்பிக்கு மாத்திரை கொடுத்து உள்ளே அனுப்பினாள் என்று தெரிந்தால் அவன் வேலை போகும், இவள் வேலையும் போகும். இதை அக்கா யோசித்துச் சொன்னாள் என்றுகூடச் சொல்ல முடியாது. நாக்கு தானாகப் புரண்டது.

"மாத்திரையா? அவன் மாத்திரையைக் கண்டாலே ஓடுவான்."

"நல்லது" என்று டாக்டரம்மா எழுதிக்கொண்டாள். "வயசு இருக்கு, உடம்பு இருக்கு. மருந்து ஏறினா சீக்கிரம் எழுந்துடுவார்."

வார்டில் மல்லனுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். அவருக்கும் அதே நிமோனியா. தொண்ணூறை எட்டிப் பிடிக்கிற வயது, எலும்பும் தோலும். அவர் பிள்ளைகள் கால்மாட்டிலும் தலைமாட்டிலும் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். வருகிற நர்ஸ் எல்லாம் அவர் கட்டில் பக்கத்தில்தான் நின்றார்கள். நாடி பார்ப்பதும் திருப்பிப் படுக்க வைப்பதும் அவருக்குத்தான்.

"தாத்தாவுக்குத்தான் ராஜ உபசாரம்" என்றான் மல்லன்.

"பொறாமைப்படாதே தம்பி" என்றார் பெரியவர். "போற வண்டிக்குத்தான் கொடி காட்டுவாங்க. நிக்கிற வண்டியை யாரு பார்ப்பா?"

இரண்டாம் நாளே மல்லன் எழுந்து உட்கார்ந்து பெரியவரோடு வம்பளந்தான். நர்ஸ் வந்து சூடு பார்த்தால் ஒன்றும் இல்லை. கொடுத்ததைச் சாப்பிட்டான். டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டு போனாள்.

ஆனால் முதல் நாள் சாயங்காலம் நடந்த பேச்சு வேறு யாருக்கும் தெரியாது.

"அக்கா, பையைக் கொண்டாந்தியா?"

"துப்பாக்கிப் பையா? அது எப்பவும் கூடவேதான் இருக்கு. விட்டுட்டு வந்தா யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"அதுல இருக்கிறதை எடு."

"இங்கே எதுக்குடா? இவங்கதான் மருந்து ஏத்தறாங்களே."

"அது வேற, இது வேற. மூச்சு விட்டா உயிரே போகுது. காய்ச்சல் இருந்தா இவங்க விட மாட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள நான் வாசல்ல நிக்கணும். நிக்கணுமா வேண்டாமா, நீயே சொல்லு."

அக்கா கொடுத்தாள். காலையில் நர்ஸ் வருமுன் ஒன்று, சாயங்காலம் ஒன்று. கொடுக்கும்போது பெரியவரின் பக்கம் முதுகைத் திருப்பிக்கொள்வாள். மாத்திரைதானே, தலைவலிக்குப் போடுவதுதானே, கடையில் மிட்டாய் மாதிரி கிடைப்பதுதானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். இத்தனை தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவளுக்கு உறுத்தியது.

மூன்றாம் நாள் தொழிற்சாலைக்கு விடுமுறை. விடிந்ததும் அவள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டாள். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பை மாற்றிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து அக்கா நெஞ்சில் கை வைத்தாள்.

"ஐயோ, பெரியவர்...?"

"என்ன ஐயோ? நடந்தே வீட்டுக்குப் போயாச்சு. செருப்பைக் காணோம்னு வார்டையே ரெண்டு பண்ணிட்டுப் போனாரு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே தம்பியின் பக்கம் திரும்பினாள்.

அவன் வலது பக்கமாகச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். போர்வைக்குள் உடம்பு விட்டுவிட்டு உதறியது. மூச்சு சின்னச் சின்னதாக, அவசர அவசரமாக, ஓடிவந்த நாய்க்குட்டிக்கு இரைக்கிற மாதிரி இரைத்தது. குனிந்தபோது அவன் மூச்சில் ஒரு வாடை அடித்தது. சொத்தைப் பல்லின் வாடை அவளுக்குப் பழக்கம். இது அது இல்லை. மூடி வைத்து மறந்துபோன பாத்திரத்தைத் திறந்தாற்போல எங்கோ ஆழத்திலிருந்து வந்தது.

பையைத் திறந்தாள். மாத்திரையை எடுக்கவில்லை, கருவியை எடுத்தாள். தூங்குகிறவனின் நெற்றிக்கு நீட்டினாள்.

சிவப்பு.

இன்னொரு தடவை. சிவப்பு. வாசலில் அன்று பார்த்ததைவிட எண் கூடியிருந்தது. மருந்து ஏறியும் கூடியிருந்தது. முன்பெல்லாம் ஒரு மாத்திரைக்கு ஒரு வேலை நேரம் முழுவதும் தூங்கின காய்ச்சல். பிறகு பாதி நேரத்துக்கு எழுந்தது. இப்போது நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போகிற வரைக்கும்தான் கண்ணை மூடுகிறது. கண்ணை மூடுகிறதா, மூடினாற்போல் கிடந்து இவர்களை வேடிக்கை பார்க்கிறதா என்று அக்காவுக்குத் தோன்றியது. மடியில் பாம்பைக் கட்டிக்கொண்டு தாலாட்டுப் பாடியிருக்கிறோம் என்று நினைத்தாள்.

மல்லன் கண் விழித்தான். கருவியைப் பார்த்தான்.

"இங்கேயும் சுட ஆரம்பிச்சுட்டியா? கொடுக்கா, நர்ஸ் வந்துடுவாங்க."

"இன்னிக்கு மாத்திரை இல்லடா."

"தீர்ந்துடுச்சா?"

"இருக்கு. கொடுக்க மாட்டேன். உன் காய்ச்சலை அவங்க பார்க்கட்டும்."

"பைத்தியமா உனக்கு? இன்னிக்கு வீட்டுக்கு அனுப்பறதா இருக்காங்க!"

"அதனாலதான்."

"அக்கா, என்னைக் கெடுத்துடாதே. நீ கொடுத்துத்தானே இத்தனை நாள் போட்டேன்? இப்ப மட்டும் என்ன திடீர்னு ஞானம்?"

பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெளியே நடைக்குப் போய், டாக்டரம்மா வருகிற நேரம் வரை அங்கேயே நின்றாள். அங்கே அவள் புருஷன் சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன, மச்சான் திட்டறானா? திட்டினா உடம்பு தேறிடுச்சுன்னு அர்த்தம்."

"என்னங்க, ஒண்ணு கேட்கறேன். நம்ம வேலை போனா வண்டியை வெச்சு ஓட்டிடலாமா?"

"எந்த வண்டியை?"

"குடும்ப வண்டியைத்தான்."

அவர் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தி அவளைப் பார்த்தார். "என்னடி பண்ணித் தொலைச்சே?"

சொல்ல வாயெடுப்பதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டாள். கூடவே நர்ஸ். அவர்களுக்குப் பின்னாலேயே நலன் அதிகாரியும்.

அக்கா அவர்களோடு உள்ளே போனாள். காய்ச்சல் தானே சொல்லிக்கொள்ளட்டும், தன் வாயால் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்திருந்தாள். ஆனால் மல்லன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து தலையை வாரியிருந்தான். முகமெல்லாம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. தலையணை உறையின் வாய் சற்றுத் திறந்திருந்ததை அக்கா பார்த்தாள். முந்தின சாயங்காலத்து மாத்திரையைப் பத்திரமாக வைத்திருந்து, இப்போது விழுங்கியிருக்கிறான். பொல்லாத பயல்!

நர்ஸ் சூடு பார்த்தாள். "கொஞ்சம் கதகதப்பா இருக்கு. இறங்கிட்டே வருது."

"வியர்த்து விட்டுடுச்சுங்க" என்றான் மல்லன். குரல் மட்டும் மல்லன் குரலாக இல்லை.

டாக்டரம்மா கட்டிலில் தொங்கிய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தாள். "ரத்தத்துல கிருமிக்கான அடையாளம் இன்னும் கொஞ்சம் கூடுதல்தான். ஆனா சாப்பிடறார், காய்ச்சல் விட்டாச்சு. சின்ன வயசு. மதியம் வீட்டுக்குப் போகலாம். மிச்ச மருந்தை வாயில போட்டுக்கட்டும்."

"ரொம்ப நல்லது" என்றார் நலன் அதிகாரி. "அப்போ அடுத்த வாரம் வேலைக்கு..."

"டாக்டர்."

எல்லாரும் திரும்பினார்கள். அக்கா பையின் உள்மடிப்பைத் திறந்து, மாத்திரை அட்டையை எடுத்து, டாக்டரம்மாவின் கையைப் பிடித்து அதில் வைத்தாள். அட்டையில் முக்கால்வாசி ஓட்டையாக இருந்தது.

"இவன் காய்ச்சல் விடலைங்க. தூங்குது. நான்தான் தூங்க வெச்சேன். முதல்ல பல்லுக்கு, அப்புறம் விலாவுக்கு, அப்புறம் வாசலுக்கு, இப்ப உங்களுக்கு. ஒரு மாசமா நடக்குது. கொஞ்சம் முன்னாடி நானே பார்த்தேன், இவன் உடம்பு நெருப்பா கொதிச்சுது."

"அக்கா!" என்று மல்லன் கத்தப் பார்த்தான். கத்துகிற அளவுக்கு அவனுக்குள் காற்று இல்லை.

டாக்டரம்மா அட்டையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் மாறிய வேகத்தில்தான் அக்காவுக்கு உண்மையான பயம் வந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டவில்லை. அவன் முதுகில் விரலால் தட்டிக்கொண்டே வந்தாள். மேலே டொக்கு டொக்கென்று கேட்டது. கீழே வர வர, நிறைந்த வாளியைத் தட்டினாற்போல் சத்தமே இல்லை.

"ஸ்கேன் மிஷினைக் கட்டிலுக்கே கொண்டு வாங்க. இப்பவே" என்றாள்.

நுரையீரலுக்கும் விலாவுக்கும் நடுவில் சீழ் கட்டியிருந்தது. ஊசி போட்டு இழுத்தபோது பழுப்பாக வந்தது. அக்கா விடியலில் மோந்த அதே வாடை அந்த இடம் முழுக்கப் பரவியது. நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழாய் போட்டார்கள். கொஞ்சம் வந்தது, நின்றுவிட்டது.

"தேன்கூடு மாதிரி அறை அறையா கட்டியிருக்கு" என்று டாக்டரம்மா நடையில் வந்து சொன்னாள். "ஒரு அறையில குழாய் விட்டா மத்ததெல்லாம் அப்படியே நிக்குது. திறந்துதான் சுத்தம் பண்ணணும்."

"அந்த மாத்திரையாலதானா டாக்டர்? நான் கொடுத்ததாலதானா?"

"அது மட்டும்தான்னு யாராலும் சொல்ல முடியாது. பல்லுல இருந்த அழுக்கு மூச்சுக்குழாய்ல இறங்கியிருக்கலாம். சிகரெட்டு, அந்த எப்பவாவது குடி, எல்லாம் ஆளுக்கொரு கை கொடுத்திருக்கும். ஆனா இந்த வலி மாத்திரையை முன்கூட்டியே போட்டுட்டு வர்ற சின்ன வயசுக்காரங்களுக்குத்தான் இப்படிச் சீழ் கட்டறதை அதிகம் பார்க்கறோம். காய்ச்சலும் வலியும் வாசல்ல நின்னு கத்தற காவல்காரங்க. அவங்க வாயைக் கட்டிட்டா உள்ளே நடக்கிறது யாருக்கும் தெரியாது. தெரியறப்போ நாள் போயிடும். அந்தப் பெரியவர் இருமினாலே நாங்க ஓடினோம். இவரை... இவர் சிரிச்சுட்டே இருந்தாரு. நானும் நம்பிட்டேன்."

காவல்காரர்கள் என்ற சொல்லைக் கேட்டு அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அறுவைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது மல்லன் கையை நீட்டினான். கை காய்ச்சலில் பொரிந்தது. இப்போது யாரும் அதைத் தூங்க வைக்கவில்லை.

"சொல்லிட்டியே."

"சொல்லிட்டேன்."

"ரெண்டு பேருக்கும் வேலை போச்சு."

"போகட்டும்டா."

"திரும்பி வந்து உன்னைத் திட்டறேன்."

"வந்து திட்டு. வாய் வலிக்கத் திட்டு. ஆனா வா."

கதவு மூடிக்கொண்டது. குளிர் அறைக் கதவு மாதிரியே கனமான சத்தம்.

வெளியே பெஞ்சியில் நலன் அதிகாரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மா, அந்தக் கருவியைக் கொடுத்துடுங்க. நாளைக்கு வாசலுக்கு வேற ஆள் போடணும்."

அக்கா பையோடு கொடுத்தாள். "சார், ஒண்ணு சொல்லட்டுமா? என்னை மாத்தினா போதாது. வரிசை முழுக்க இதேதான்."

"அது எனக்குத் தெரியாத விஷயம்மா."

"இப்ப சொல்றேனே, தெரியுதில்ல?"

அவர் எழுந்துகொண்டார். "தம்பி நல்லா ஆகட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பையை வெறும் விரல் நுனியால் பிடித்துக்கொண்டு போனார்.

மல்லன் பிழைத்தான். அவ்வளவு சுலபமாக இல்லை. மிஷின்தான் அவனுக்காக மூச்சு விட்டது. விலாவில் குழாய், தொண்டையில் குழாய், கையில் குழாய். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அக்காவும் அவள் புருஷனும் முறை வைத்து உட்கார்ந்தார்கள். அவள் புருஷன் அந்த நாள்களில் ஒரே ஒரு தடவைதான் கேட்டார்: "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி?" ஒவ்வொரு தடவை நர்ஸ் சூடு பார்க்கும்போதும் அக்கா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு எண்ணைப் பார்ப்பாள். அது ஏறும். இறங்கும். மறுபடி ஏறும். யாரும் எதையும் மறைக்காத எண்.

தொண்டைக் குழாயை எடுத்த மறுநாள் காலையில் அவளை உள்ளே விட்டார்கள். மல்லன் பாதியாகியிருந்தான். கைக்கு ஒன்றாக வாளி தூக்கின கை கட்டிலின் விளிம்பில் கயிறு மாதிரி கிடந்தது. வலது நுரையீரல் இனி முழுசாக விரியாது என்றும், குளிரில் சுமை தூக்குகிற வேலையை மறந்துவிட வேண்டும் என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அதை அவனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

"அக்கா." காற்றுதான் வந்தது.

"பேசாதேடா."

"மாசம்... முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"நிரந்தரம் ஆனவங்க... பேரு சொன்னாங்களா?"

"சொன்னாங்க. உன் பேரு இல்லடா."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடின கண்ணின் ஓரத்தில் ஈரம் வந்தது. பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"உன் பேரு?"

"என் பேரு எதுக்குடா வரும்? என் நாற்காலியில வேற பொண்ணு உட்கார்ந்தாச்சு. அவ துப்பாக்கியை எப்படிப் பிடிக்கிறாளோ, என்னவோ."

மல்லனுக்குச் சிரிப்பு வந்தது. விலா விடவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அப்புறமா... திட்டறேன்" என்றான்.

"அவசரம் ஒண்ணுமில்ல. நான் எங்கேயும் போகலை."

அப்போதுதான் அவள் இடுப்பில் செருகியிருந்த செல்போன் அதிர்ந்தது. நர்ஸ் முறைத்தாள். அக்கா நடைக்கு ஓடிவந்து எடுத்தாள். சிட்டு.

"அக்கா, மல்லன் எப்படி இருக்காரு?"

"கண்ணைத் திறந்துட்டான்டி. பேசறான்."

"அப்பாடா! எழுந்து வந்ததும் நான் தட்டினதுக்குத் திருப்பித் தட்டச் சொல்லுங்க." சிட்டு சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் ஒரு சின்ன இருமல். வறண்ட, குட்டையான இருமல். அக்கா ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"என்னடி அது?"

"எது?"

"இருமினே."

"அது ஒண்ணுமில்லக்கா, குளிர் அறைக்குப் பக்கத்துல மாத்திட்டாங்க. நேத்திலேர்ந்து முதுகுப் பக்கம் சுளுக்கின மாதிரி இருக்கு. மூச்சு இழுத்தா ஊசி குத்துது. அதைக் கேட்கத்தான் கூப்பிட்டேன். மல்லனுக்குக் கொடுப்பீங்களே, அது ஒண்ணு போதுமா, ரெண்டு போடணுமா? நான் ஒண்ணுதான் போட்டேன், இன்னும் கொஞ்சம் கதகதன்னு இருக்கு."

"சிட்டு, நீ இப்ப எங்கே நிக்கிறே?"

"எங்கே நிப்பேன்? வரிசையிலதான்."

"வெளியே வா. இந்த நிமிஷமே வெளியே வா. மாமாவை வண்டியோட அனுப்பறேன். நீ உள்ளே போகக் கூடாது, கேட்குதா? நீ தூங்க வெச்சிருக்கிறது..."

"நல்ல ஆளுக்கா நீங்க. அடுத்த மாசம் எனக்கு நிரந்தரம். இருங்க, இருங்க, என் முறை வந்துடுச்சு. ஃபோனை வைக்காதீங்க."

"சிட்டு! அடியே சிட்டு!"

துணி உரசுகிற சத்தம். குல்லாயைப் பின்னுக்குத் தள்ளுகிறாள். அக்காவுக்கு அந்த நெற்றி கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. நடையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அவள் ஃபோனுக்குள் கத்தினாள். அந்தப் பக்கம் அது யார் காதிலும் விழவில்லை. பழகின 'பீப்' ஒன்று கேட்டது. அதன் பின்னால் புதுப் பெண்ணின் சுறுசுறுப்பான குரல்.

"பச்சை. போங்க. அடுத்த ஆள்."